படிப்புக்கு மட்டும்

அக்காவின் கடைக்கு லப்டொப் வாங்க வருகிறவர்கள் உள்ளே வந்ததும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். பிள்ளைக்கு, படிப்புக்கு. படிப்புக்கு மட்டும். தகப்பன் சொல்வார், தாய் சொல்வார், பிள்ளை பக்கத்தில் நின்று தலையாட்டும். அக்கா அதைக் கேட்டுக்கொள்வார். என்னைப் பார்ப்பார். நான் தாய் தகப்பனைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மெசினைச் சோதித்துப் பார்க்க இருபது நிமிடம் ஆகும், அதுவரை ஒரு பிளேன்ரீ குடியுங்கோ என்று சொல்வது என் வேலை. அவர்கள் வெளியே இறங்கிய பிறகு அக்கா பிள்ளையிடம் கேட்பார்.

"நீர் என்ன விளையாடுறனீர்?"

 பிள்ளைகள் வாசலைப் பார்ப்பார்கள். தாய் தகப்பன் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருப்பது தெரிந்ததும் சொல்லத் தொடங்குவார்கள். கார் ஓட்டுவது, பந்தடிப்பது, சுடுவது, வீடு கட்டுவது. அக்கா சிரிக்கவும் மாட்டார், புத்தி சொல்லவும் மாட்டார். மருந்துக் கடைக்காரர் டொக்டர் எழுதின துண்டைப் பார்த்து மருந்து எடுப்பதுபோல எழும்பிப் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார். தாய் தகப்பன் திரும்பி வந்ததும், "படிப்புக்கு இதுதான் சரி" என்பார். அவர்களுக்கும் சந்தோசம்.

நான் அந்தக் கடையில் பத்து மாதம் நின்றேன். கிளிநொச்சியில், ஏ-9 வீதியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்த சின்னக் கடை. அதற்கு முன் மணல் லொறியில் நின்றேன். அதற்கு முன் வவுனியாவில் ரயர் கடை, அதற்கும் முன் கொழும்பில் கட்டட வேலை. பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. முடிந்தது என்றும் சொல்ல முடியாது. நாங்கள் இடம்பெயர்ந்து போன இடத்தில் பள்ளிக்கூடத்துக்குள் சனம் இருந்தது. கொம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் அக்காவிடம் வேலைக்குப் போனேன். பெட்டி தூக்கினேன், திரை துடைத்தேன், விண்டோஸ் ஏறி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அவர் என்னிடம் எதிர்பார்க்கவில்லை.

ஏன் எல்லோரிடமும் விளையாட்டைக் கேட்கிறீர்கள் என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன்.

"படிப்பெண்டு சொன்னா எனக்கு ஒண்டும் விளங்காது தம்பி. படிப்பு எல்லாச் சாமானிலயும் ஓடும். விளையாட்டைச் சொன்னாத்தான் என்ன சாமான் வேணுமெண்டு தெரியும்."

அது வியாபாரப் பேச்சு என்று நினைத்தேன். பாதி உண்மையும்தான். வீட்டு வரைபடம் கீறிப் படிக்கிற பிள்ளைக்கும் கார் ஓட்டி விளையாடுகிற பிள்ளைக்கும் ஒரே மாதிரி மெசின்தான் வேண்டும், இரண்டுக்கும் படம் காட்டுகிற சில்லு நல்லதாக இருக்க வேண்டும் என்று பிறகு விளங்கிக்கொண்டேன். ஆனால் சொந்தமாகப் பதில் சொல்லாத பிள்ளைக்கு அக்கா சாமான் கொடுக்கமாட்டார். "யோசிச்சுப்போட்டு நாளைக்கு வாரும்" என்று அனுப்பிவிடுவார். அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை இருந்தது. அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

பாரம் பார்ப்பது அவருடைய இன்னொரு பழக்கம். வெளியூருக்குப் படிக்கப் போகிற பிள்ளை என்றால் லப்டொப்பைப் பைக்குள் வைத்து, பஸ் தரிப்பிடம்வரை நடந்து போய்த் திரும்பி வரச் சொல்வார். சார்ஜரையும் வைக்கச் சொல்வார். விளையாட்டுக்கென்றே செய்த மெசின்களின் சார்ஜர் அரைச் செங்கல் அளவு இருக்கும், கடையில் நின்று மெசினை மட்டும் தூக்கிப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. போய் வந்த பிள்ளை தோளைத் தடவினால் அந்தச் சாமானை உள்ளே வைத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை எடுப்பார்.

கீபோட் சோதிப்பதற்கு ஒவ்வொருவரும் ஏதாவது தட்டுவார்கள். நான் என் பெயரைத் தட்டுவேன். அக்கா தட்டுவது எப்போதும் ஒன்றுதான். பெயர், முகவரி, குடும்ப அங்கத்தவர் தொகை, தேவை. தட்டிவிட்டு அழிப்பார். எத்தனையோ மெசினில் அதைத் தட்டி அழித்ததைப் பார்த்திருக்கிறேன். அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

வட்டக்கச்சியில் நெல் செய்கிற ஒருவர் மகனுக்கு வாங்கிக்கொண்டு போனார். மகன் சுடுகிற விளையாட்டு என்று அக்காவிடம் சொல்லியிருந்தான், அதற்கேற்றதைத்தான் அக்கா கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் தனியாக வந்தார். மெசினில் பிழை ஒன்றும் இல்லை என்றார். கதிரையில் இருந்துகொண்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அக்காவிடம் சொன்னார்.

"பிள்ளை, வீட்டில ஒரே வெடிச் சத்தம். பெடியனுக்கு அது விளையாட்டு. மனுசி குசினிக்குள்ள போய் நிலத்தில இருந்திடுறா. கூப்பிட்டாலும் வாறாவில்லை."

விளையாட்டை அழித்துத் தரட்டுமா என்று நான் கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா அலுமாரியைத் திறந்து ஒரு ஹெட்போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதை எப்படிச் செருகுவது என்று காட்டினார். பெடியனுக்கு மட்டும் கேட்கும், வெளியே கேட்காது என்றார். அவர் அதைத் தொப்பிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அதோடு அந்தக் கதை முடிந்தது. மனுசி எழும்பி வந்தாரா என்று எங்களுக்குத் தெரியாது.

அக்கா சிரித்து நான் ஒரு தடவைதான் பார்த்தேன். நாயாற்றிலிருந்து ஒரு மீனவர் மகளோடு வந்திருந்தார். கழுத்தில் செபமாலை, கையில் வலை அறுத்த பழைய தழும்புகள். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன், வெளியில் குடிப்பதில்லை என்று கதிரையிலேயே இருந்துவிட்டார். அதனால் அக்கா தகப்பனுக்கு முன்னாலேயே மகளிடம் கேட்க வேண்டி வந்தது. மகள் வாய் திறக்க முதல் தகப்பன் சொன்னார்.

"அவளுக்குப் படிப்பு. எனக்கெண்டா, கடலுக்குப் போகாத நாளில சீட்டு விளையாடக் கிடந்தாக் காணும்."

அப்போதுதான் அக்கா சிரித்தார். "முன்னூத்திநாலோ?" என்று கேட்டார்.

"முன்னூத்திநாலுக்கு நாலு பேர் வேணும் தங்கச்சி. எங்கட மீன்வாடியில இப்ப ரெண்டு பேர்தான். மற்ற ரெண்டு பேராக் கொம்பியூட்டர் இருக்குமெண்டு இவள் சொல்லுறாள்."

அக்காவின் சிரிப்பு நின்றது. எழும்பிப் பின்னறைக்குப் போனவர் வர நேரம் எடுத்தார். ஒரு மெசினில் சீட்டு விளையாட்டை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் முன்னால் வைத்து, ஒரு ஆட்டம் முடியும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். போகும்போது ஒரு மவுஸும் சேர்த்துக் கொடுத்தார். அது அவருடைய வழக்கமில்லை.

அன்று நானும் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் என்ன விளையாடுறனீங்கள் என்று.

"எனக்கு விளையாடத் தெரியாது" என்றார். அது உண்மை. அவருடைய மேசையில் இருந்த மெசினில் கடை அலுவல்களைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது விசுவமடுப் பிள்ளையைப் பற்றி.

அந்தப் பிள்ளைக்குத் தெற்கில் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது. கட்டட வரைபடம் கீறுகிற படிப்பு. தாய் மிளகாயும் கச்சான் கடலையும் பயிர் செய்கிறவர். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கம் ஒன்று அந்த வருடம் ஐந்து பிள்ளைகளுக்கு லப்டொப் வாங்கிக் கொடுப்பதாக இருந்தது, அதில் இந்தப் பிள்ளையின் பெயரும் இருந்தது. சங்கத்தின் சார்பில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் அவரை ஐயா என்றார்கள். கையில் ஒரு கடதாசி வைத்திருந்தார். எந்த லப்டொப் வாங்க வேண்டும் என்று அங்கிருந்து யாரோ எழுதி அனுப்பியிருந்தார்கள். பெரிய திரை, கண்ணுக்கு நல்லது என்று.

அக்கா கடதாசியை வாசித்துவிட்டு இரண்டு மெசினை மேசையில் வைத்தார். ஒன்று கடதாசியில் இருந்தது. பெரியது, நல்ல பாரம், படச் சில்லு பலவீனம். மற்றது சின்னது, ஒரு கொப்பியைப் போலத் தூக்கலாம், வீடு கீறுகிற மென்பொருள் அதில் தடங்கலில்லாமல் ஓடும். விலை இரண்டுக்கும் ஒன்றுதான். அக்கா அதை ஐயாவுக்கு விளங்கப்படுத்தினார். ஐயாவும் கவனமாகத்தான் கேட்டார். சின்னதைக் கையில் எடுத்துப் பார்த்தார். போனில் கேட்டுச் சொல்லலாம் என்றார். அந்த இடத்தில் விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். ஐயா தனக்குச் சீனி வருத்தம், வேண்டாம் என்றார். தாயும் ஐயாவை விட்டுவிட்டு எழும்பவில்லை. அன்றைக்கு ஒருநாள் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டார்.

"இவள் விளையாடுறேல்லை. படிப்பு மட்டுந்தான்" என்றார் தாய்.

"நான் பிள்ளையிட்டக் கேட்டனான்."

பிள்ளை தாயைப் பார்த்தது, ஐயாவைப் பார்த்தது. பிறகு, ஏனோ, உண்மையைச் சொன்னது.

"தோட்டம் செய்யிற கேம் ஒண்டு, அக்கா. மாமாவின்ர போனில. விதைக்கிறது, தண்ணி கட்டுறது, அறுக்கிறது."

தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டில கச்சானுக்கு ஒரு வாளி தண்ணி ஊத்தச் சொன்னா ஆளைக் காணேலாது. போனில தோட்டம் செய்யிறாவாம்."

நானும் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. கையில் இருந்த சின்ன மெசினை மேசையில் வைத்தார்.

"அப்ப இது விளையாடுறதுக்கும் பாவிக்கிறதோ?" என்று கேட்டார்.

"வீடு கீறுற சாமானிலதான் விளையாட்டும் ஓடும் ஐயா" என்றார் அக்கா.

ஐயா கெட்ட மனிதர் இல்லை. கதவடியில் நின்று எனக்கும் கேட்கத்தான் சொன்னார். தனக்கு இதில் ஒன்றுமில்லை, ஆனால் அங்கே குளிருக்குள் இரண்டு வேலை செய்துவிட்டுப் பணம் போடுகிறவர்களுக்குத் தான் அறிக்கை எழுத வேண்டும். விளையாட என்று கேள்விப்பட்டால் அடுத்த வருடம் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்கும் இல்லாமல் போகும். ஒன்றும் வாங்காமல் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு கிழமை கழித்துத் தாய் தனியாக வந்தார். பட்டியலில் மகளின் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், ஆறாவதாக இருந்த பிள்ளைக்குக் கொடுக்க யோசிக்கிறார்களாம். வகுப்புத் தொடங்க இன்னும் மூன்று கிழமைதான். அங்கே முதல் நாளிலிருந்தே லப்டொப்பில்தான் கீற வேண்டும். இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று தாய் கேட்டார். கேட்டது என்னிடமா அக்காவிடமா என்று தெரியவில்லை.

"நீங்கள் கேக்காட்டி கிடைச்சிருக்கும்" என்றார் பிறகு.

"ஓம்" என்றார் அக்கா.

தாய் பையிலிருந்து ஒரு கடதாசி எடுத்தார். தான் எழுதிப் பார்த்தது சரியாக வரவில்லை, நீங்கள் நல்லா எழுதுவீர்களாமே, சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ என்றார். பிள்ளை விளையாடுவதில்லை, அன்றைக்கு வெருண்டுபோய் ஏதோ சொல்லிப்போட்டுது என்று எழுத வேண்டும். அக்கா கடதாசியை வாங்கி வைத்தார். நாளைக்கு வரச் சொன்னார்.

பகல் பதினொரு மணி இருக்கும். கரண்ட் நின்றது. காற்றாடி ஓய்ந்ததும் வீதிச் சத்தம் உள்ளே வந்தது. அக்கா வெற்றுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தார். நீங்கள் கடிதம் எழுதுவீர்கள் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க நிவாரணப் படிவம் நிரப்பினனான். எங்கட பக்கத்துச் சனத்துக்கு முழுக்க நான்தான். அவவுக்கும் நிரப்பியிருப்பன்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்ல எனக்கு வராது. குரலில் ஏற்ற இறக்கம் இருக்கவில்லை. எந்தச் சொல் எழுதினால் எந்தச் சாமான் வரும் என்று ஒரு கிழமையில் பிடித்துவிட்டாராம். சனம் எதைச் சொன்னாலும் அவர் வரக்கூடியதைத்தான் எழுதுவார். கூரைக்குப் போடுகிற தறப்பாள் என்று எழுதினால் வரும். வாளி என்றால் வரும். ஒருத்தி கண்ணாடி கேட்டாள், முகம் பார்க்கிற கண்ணாடி. அதற்குச் சவர்க்காரம் எழுதினார். வயது போனவர்களுக்கு விசேட தேவை என்று தனியாக ஒரு கோடு இருந்தது. அவருடைய தகப்பன் அதில் சீட்டுக்கட்டு என்று எழுதச் சொன்னார்.

"எனக்கு வெக்கமாப் போச்சு. பக்கத்துக் கூடாரத்தில செத்தவீடு. இந்தாள் சீட்டுக் கேக்குது. நான் பெட்சீற் எண்டு எழுதினனான்."

"வந்ததோ?"

"வந்தது. நல்ல பெட்சீற். அடுத்த மாதம் அதாலதான் அப்பாவைச் சுத்தினது."

  எங்கள் பக்கத்தில் இப்படியான கதைகள் எல்லோரிடமும் இருக்கின்றன, கேட்டுவிட்டு ஆளாள் வேலையைப் பார்ப்பார்கள். நான் திரைத் துணியை எடுத்து, துடைத்திருந்த மெசினையே திரும்பத் துடைத்தேன். வெளியே லொறி ஒன்று கோன் அடித்துக்கொண்டு போனது.

அக்கா எழுதத் தொடங்கினார். நிற்காமல் எழுதினார். ஒரு இடத்திலும் வெட்டவில்லை. சின்ன மெசினைத் தரச்சொல்லியும் சேர்த்து எழுதுங்கோ, அதுதானே பிள்ளைக்குச் சரி என்று சொன்னேன்.

"ரெண்டு விசயம் கேட்டா ஒண்டும் வராது" என்றார், தலை நிமிராமல்.

முடித்துவிட்டு என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், அவர் பொறுமையாகக் கேட்டார். என் மகள் சிறு வயது முதல் கல்வியைத் தவிர வேறெதிலும் நாட்டம் இல்லாதவள். அன்று கூறியது அறியாமையால் கூறியது. தங்கள் உதவி கல்விக்கு மட்டுமே பயன்படும் என உறுதியளிக்கிறேன். இப்படிப் போனது. நான் அந்தப் பிள்ளையை நேரில் பார்த்தவன், தோட்டம் செய்யிற கேம் என்று அது சொன்னதை என் காதால் கேட்டவன். இருந்தும் வாசித்து முடித்தபோது கடிதத்தில் இருந்த பிள்ளையைத்தான் நம்பினேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

"சரி" என்றார். மடித்து உறையில் போட்டார்.

அந்தக் கிழமை கடைக்கு நாலைந்து பேர் வந்தார்கள். முதலில் வந்த தகப்பனை நான் வழக்கம்போலத் தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போக எழும்பினேன். "இரு" என்றார் அக்கா. படிப்புக்கு என்று அவர்கள் சொன்னார்கள், ஓம் என்றார், ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடுத்தவர்களுக்கும் அப்படித்தான். ஒருவரையும் நாளைக்கு வரச்சொல்லி அனுப்பவில்லை. வியாபாரம் முன்னையைவிட நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு நான் நின்ற நாள்வரை அவர் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

கடிதம் வேலை செய்தது. வகுப்புத் தொடங்க ஐந்து நாள் இருக்க ஐயா தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், எனக்கும் அக்காவுக்கும் உளுந்துவடை வாங்கிக்கொண்டு வந்தார். கடதாசியில் இருந்த பெரிய மெசினைத்தான் எடுத்தார்கள். நான் சங்கத்தின் ஸ்டிக்கரை மூடியில் ஒட்டினேன். பிள்ளை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஐயா போனில் படம் எடுத்தார். அக்காவையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அக்கா நின்றார். முதல் படத்தில் பிள்ளை சிரிக்கவில்லை என்று இரண்டாவது எடுத்தார்.

பிறகு பிள்ளை மெசினைப் பைக்குள் வைத்து, சார்ஜரையும் வைத்து, தோளில் போட்டது. ஒரு பக்கம் சரிந்தது. மற்றத் தோளுக்கு மாற்றிப் பார்த்தது.

"பாரமாக் கிடக்கு அக்கா" என்றது.

அக்கா அதன் முகத்தைப் பார்க்காமல் பையின் வாரை இரண்டு துளை ஏற்றிக் கட்டிவிட்டார்.

"பழகீடும்" என்றார்.

அவர்கள் வீதியைக் கடந்து பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றார்கள். விசுவமடுவால் போகிற முல்லைத்தீவு பஸ் அன்றைக்குப் பிந்தித்தான் வந்தது. தாய் பையைக் கீழே வைக்கச் சொல்வது கடையிலிருந்து பார்க்கத் தெரிந்தது. பஸ் வரும்வரை அந்தப் பிள்ளை பையை நிலத்தில் வைக்கவில்லை.